இரைப்பைக் கிருமியும் ஆட்டோஃபேஜியும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

இரைப்பைப் புற்றுநோய் செல்களோடு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைச் சேர்த்து வளர்த்து, அந்த நேரத்தில் செல்லின் ஆட்டோஃபேஜிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இதைச் சொன்னதும் வீட்டாரும் நண்பர்களும் ஒரு வகைக் கேள்வி கேட்பார்கள். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் வேறு வகை கேட்பார்கள். இரண்டையும் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். முன்பாதி எல்லோருக்குமானது. பின்பாதி, நாளைக்குச் செல்களோடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கு.

வயிற்றில் அவ்வளவு அமிலம் இருக்கிறதே, அங்கே ஒரு கிருமி எப்படி உயிரோடு இருக்கும்?

1980களின் தொடக்கம் வரை மருத்துவ உலகமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அதை வளர்க்க எடுத்த முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டது அந்தக் கூடுதல் நாட்கள்தான். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அமிலத்தைச் சமாளிக்க அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். அந்த அவகாசத்தில் வாலைச் சுழற்றி, சளிப் படலத்துக்குள் நீந்திப் போய்விடும். அங்கே அமிலத்தின் கடுமை வெகுவாகக் குறைவு. இந்த அம்மோனியாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்பாதியில் நம்மைத் தொந்தரவு செய்யத் திரும்பி வரும்.

பைலோரி இருந்தால் புற்றுநோய் வந்தே தீருமா?

இல்லை. உலகில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தக் கிருமி இருப்பதாகச் சொல்வார்கள். அவர்களில் இரைப்பைப் புற்றுநோய் வருவது நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்கு. ஆனாலும் பாதி உலகம் என்பதால் எண்ணிக்கை சிறியதல்ல. 2022இல் உலகம் முழுவதும் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் ஏறத்தாழ 9.7 லட்சம், இறந்தவர்கள் 6.6 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இந்தக் கிருமியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது.

மற்ற 97 பேருக்கு ஏன் வரவில்லை? கிருமியின் ரகம், மனிதரின் மரபணு, உணவு, புகை என்று பல பதில்கள் சேர்ந்துதான் ஒரு விடை ஆகும். அவற்றில் ஒரு பதில் ஆட்டோஃபேஜியில் இருக்கிறது என்பதால்தான் நாங்கள் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆட்டோஃபேஜி என்றால் செல் தன்னையே தின்று செத்துப்போவதா?

தின்பது உண்மை. சாவதற்காக இல்லை. செல்லுக்குள் பழுதான புரதம், தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா, உள்ளே நுழைந்த கிருமி இவற்றையெல்லாம் இரட்டைச் சவ்வால் ஆன ஒரு பை வளைத்துப் பிடிக்கும். அதன் பெயர் ஆட்டோஃபேகோசோம். அந்தப் பை லைசோசோமோடு இணையும். லைசோசோமுக்குள் அமிலமும் நொதிகளும் இருப்பதால் பிடிபட்டது கரைந்து, அமினோ அமிலங்களாகத் திரும்பச் செல்லுக்கே பயன்படும். பட்டினி கிடக்கும் செல் பிழைப்பதே இதனால்தான். தமிழில் தன்னுண்ணல் என்று எழுதுகிறார்கள், நல்ல சொல். ஆய்வகப் பேச்சில் ஆட்டோஃபேஜி என்றே வழங்குவதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பெயர் வைத்தவர் கிறிஸ்தியான் டி டூவ், 1963இல். இதற்கான மரபணுக்களை ஈஸ்டில் தேடிக் கண்டுபிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, அந்தக் கிருமிக்கும் இந்தப் பைக்கும் என்ன சம்பந்தம்?

பைலோரி வெளியே விடும் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, பெயர் வேக்-ஏ. இது செல்லின் மேலுள்ள எல்ஆர்பி1 போன்ற ஏற்பிகளைப் பிடித்து உள்ளே போகும், சவ்வுகளில் துளை போடும். இந்த நச்சு பட்டதும் இரைப்பைச் செல் ஆட்டோஃபேஜியை முடுக்குகிறது என்று 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேக்-ஏ மரபணுவை நீக்கிய கிருமியால் அதைச் செய்ய முடியவில்லை. கிருமியே இல்லாமல் நச்சை மட்டும் கொடுத்தாலும் முடுக்கிவிட்டது. உள்ளே வந்த நச்சைச் செல் பிடித்து அழிக்கவும் செய்தது. செல்லின் தற்காப்பு என்று இதைப் படிப்பதுதான் இயல்பு.

2012இல் அடுத்த பாகம் வந்தது. நச்சு சில மணி நேரம் பட்டால் ஆட்டோஃபேஜி கூடுகிறது. நீண்ட நேரம் பட்டுக்கொண்டே இருந்தால் பைகள் உருவாகின்றன, உள்ளே இருப்பது மட்டும் கரைவதில்லை. அந்தப் பைகளில் கதெப்சின்-டி என்ற செரிமான நொதி இல்லை. குப்பை வண்டி வருகிறது, குப்பையை ஏற்றிக்கொள்கிறது, கொட்டும் இடத்துக்குப் போகாமல் தெருவிலேயே நிற்கிறது. பழுதான புரதமும், செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் தனியுறுப்புகளும் (ஃப்ரீ ராடிகல்) செல்லுக்குள் சேர்கின்றன. மனித இரைப்பையில் பைலோரி இருப்பது மணிக்கணக்கில் அல்ல, பல பத்து ஆண்டுகள். அதனால் இரண்டாவது படம்தான் நோயாளியின் நிலைமைக்கு நெருக்கம் என்பது என் எண்ணம்.

கேக்-ஏ என்று இன்னொன்றும் சொல்கிறார்களே, அது எங்கே வருகிறது?

புற்றுநோய்ப் பேச்சில் வேக்-ஏவைவிடக் கேக்-ஏ பெயர்தான் அதிகம் அடிபடும். கிருமியிடம் ஊசி போன்ற ஓர் அமைப்பு உண்டு, நான்காம் வகைச் சுரப்பு அமைப்பு என்பார்கள். அதன் வழியாகக் கேக்-ஏவை நேரே செல்லுக்குள் செலுத்தும். உள்ளே போனதும் செல்லின் நொதிகளே அதில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. பிறகு அது எஸ்எச்பி2 என்ற புரதத்தைத் தூண்டி, வளர்ச்சிச் சமிக்ஞைகளைக் குழப்பிவிடும். ஏஜிஎஸ் என்ற இரைப்பைப் புற்றுநோய் செல்கள் ஊசிபோல நீண்டுபோவதை நுண்ணோக்கியில் பார்க்கும் நாளில் மாணவர்கள் முகத்தில் வரும் ஆச்சரியம் எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்தக் கேக்-ஏவையும் ஆட்டோஃபேஜி பிடித்து அழிக்கிறது. அதைத் தூண்டிவிடுவது வேக்-ஏ என்பதுதான் வேடிக்கை: ஒரே கிருமியின் ஒரு நச்சு, இன்னொரு நச்சின் ஆயுளைக் குறைக்கிறது. ஆனால் சிடி44-வி9 என்ற புரதத்தைத் தாங்கிய, புற்றுநோய்த் தண்டுசெல் போன்ற சில செல்களில் இந்த அழிப்பு நடப்பதில்லை. அவற்றில் ஆக்சிஜன் அழுத்தத்தைத் தணிக்கும் குளுட்டாதயோன் கையிருப்பு அதிகம், அதனால் ஆட்டோஃபேஜியைத் தூண்டும் ஆக்சிஜன் அழுத்தம் எழுவதில்லை. கேக்-ஏ அங்கே தங்கிவிடுகிறது. தங்கக் கூடாத செல்லில் தங்குகிறது. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிய இந்தத் தொடர்பு இந்தத் துறையிலேயே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: ஆட்டோஃபேஜி நல்லதா, கெட்டதா?

ஒரே வார்த்தையில் முடியாது, மன்னிக்கவும். புற்றுநோய் வருவதற்கு முன் அது காவல். குப்பையையும் நச்சையும் அகற்றி டிஎன்ஏ பழுதைக் குறைக்கிறது. கட்டி உருவான பிறகு, ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் பட்டினி கிடக்கும் புற்றுநோய் செல்லுக்கு அதே ஆட்டோஃபேஜி சோறு போடுகிறது. வேலை ஒன்றுதான், யாருக்குச் செய்கிறது என்பது மாறிவிட்டது.

சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோஃபேஜி கூடுமாமே. அப்படியே பைலோரியும் போய்விடுமா?

போகாது. உணவு குறைந்தால் எம்டார் என்ற உணரி அடங்கி ஆட்டோஃபேஜி கூடும் என்பது சரி. ஆனால் கிருமியில் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே, சளிப் படலத்தில் இருக்கிறது. செல்லுக்குள் நடக்கும் துப்புரவு அதைத் தொடாது. சோதனையில் கிருமி இருப்பதாக வந்தால் மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக், அமிலக் குறைப்பு மருந்துகளை முழு நாட்களும் எடுத்து, கிருமி போய்விட்டதா என்று மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமியை ஒழித்தால் புற்றுநோய் அபாயம் குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. திசு ஏற்கெனவே தேய்ந்து, குடல் திசு போல மாறியிருந்தால் அபாயம் முழுதாகப் போகாது, எண்டோஸ்கோப்பிக் கண்காணிப்பு வேண்டும்.

புற்றுநோய் எப்படி வருகிறது என்று பார்க்க, ஏற்கெனவே புற்றுநோயாகிவிட்ட செல்லை எடுப்பது எப்படிச் சரி?

இதைக் கேட்ட மாணவியை அன்றே எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளத் தோன்றியது. நேர்மையான பதில்: புற்றுநோய் உருவாவதை இந்தச் செல்லில் பார்க்க முடியாது. நச்சு எப்படி நுழைகிறது, எந்தச் சமிக்ஞை எழுகிறது, பை எங்கே சிக்குகிறது போன்ற இயக்கத்தைப் பார்க்கலாம். அதற்கு வேகமாக வளரும், எல்லோரிடமும் ஒன்றாக இருக்கும் செல் வரிசை வசதி.

ஆனால் செல் வரிசையை நம்புவதற்கு முன் அதன் ஜாதகத்தைப் பாருங்கள். ஏஜிஎஸ் 54 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பைக் கட்டியிலிருந்து வந்தது. அதில் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஈ-கேடரின் என்ற புரதம் இல்லை, எனவே செல்லிணைப்புகளைப் பற்றி அதில் முடிவு சொல்லாதீர்கள். அது போக, பரவலாகக் கிடைக்கும் ஏஜிஎஸ் செல்களில் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸ் 5 குடியிருக்கிறது என்று 2007இல் காட்டினார்கள். செல்லின் வைரஸ் எதிர்ப்பான இன்டர்ஃபெரான் பாதையின் ஸ்டாட்1 புரதத்தை அந்த வைரஸ் அழித்துவிடும். எஸ்ஜிசி-7901, பிஜிசி-823 என்ற பெயரில் புழங்கிய செல்கள் இரைப்பைச் செல்லே அல்ல, கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து வந்த ஹீலா செல்கள். அவற்றை வைத்து எழுதிய இரைப்பைக் கட்டுரைகள் நிறைய. எஸ்டிஆர் சோதனையும் (செல்லின் டிஎன்ஏ அடையாளம் பார்ப்பது) மைக்கோபிளாஸ்மா சோதனையும் (செல் வளர்ப்பில் ஒளிந்திருக்கும் நுண்கிருமி பார்ப்பது) செய்யாமல் முதல் தட்டைக்கூடத் தொடாதீர்கள்.

கிருமி வளரவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பெரும்பாலும் காற்று, இல்லையென்றால் பொறுமை. பைலோரிக்கு ஆக்சிஜன் 5 சதவீதம் அளவில், கார்பன் டை ஆக்சைடு 10 சதவீதம் அளவில், நல்ல ஈரத்தோடு 37 டிகிரி வேண்டும். ரத்த அகார் புதிதாக இருக்கட்டும். உறைநிலையிலிருந்து எடுத்தால் நான்கைந்து நாட்கள் விடுங்கள். வளர்ந்த பின் அதிக நாட்கள் விட்டால் சுருள் வடிவம் உருண்டையாகிவிடும். அந்தக் கிருமி நீந்தாது, அதை வைத்துச் செய்யும் தொற்றுக்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, நீந்துகிறதா என்று பாருங்கள்.

கிருமியைச் சேர்த்தும் செல்லில் ஒரு மாற்றமும் இல்லையே?

செல்லை வளர்க்கும் திரவத்தில் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் இருக்கிறதா? எங்களிடம் ஒரு மாணவரின் ஒரு மாத உழைப்பு இதில் போனது. முந்தின நாளே ஆன்டிபயாடிக் இல்லாத திரவத்துக்கு மாற்றி, செல்களை இரண்டு முறை கழுவுங்கள். அடுத்து, உங்கள் கிருமியில் வேக்-ஏ எந்த ரகம் என்று பாருங்கள். எஸ்1-எம்1 ரகம் வீரியமானது, எஸ்2 ரகம் செல்லில் பெரிதாக எதுவும் செய்யாது.

எம்ஓஐ 100 என்கிறார்கள். ஒரு செல்லுக்கு நூறு கிருமி அதிகம் இல்லையா?

எம்ஓஐ என்பது ஒரு செல்லுக்கு எத்தனை கிருமி சேர்க்கிறோம் என்ற கணக்கு. நூறு சேர்த்தாலும் நூறும் ஒட்டாது. இருந்தாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. அவ்வளவு கிருமி 24 மணி நேரம் ஒரே திரவத்தில் இருந்தால், திரவத்தின் சத்தை அதுவும் உண்ணும், காரத்தன்மையும் மாறும். பட்டினியே ஆட்டோஃபேஜியைத் தூண்டும் என்று மேலே சொன்னேன். அப்போது நீங்கள் பார்ப்பது நச்சின் விளைவா, பட்டினியின் விளைவா?

அதனால் 10, 50, 100 என்று படிப்படியாகப் போட்டுப் பாருங்கள். கொல்லப்பட்ட கிருமி ஒன்று, வேக்-ஏ நீக்கிய கிருமி ஒன்று, கேக்-ஏ நீக்கிய கிருமி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஒளி அடர்த்தியை (திரவம் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்ற அளவு) மட்டும் வைத்துக் கிருமியை எண்ணாதீர்கள், செத்த கிருமியும் அந்தக் கணக்கில் வந்துவிடும். தட்டில் பரப்பி உயிருள்ளதை எண்ணுங்கள்.

எல்சி3-2 பட்டை நன்றாகத் தடித்திருக்கிறது. ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. இந்தப் பக்கத்தைத் தொகுக்க உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

எல்சி3 என்ற புரதம் செல்லில் சும்மா மிதக்கும்போது எல்சி3-1. கொழுப்பு மூலக்கூறு ஒட்டி ஆட்டோஃபேகோசோமின் சவ்வில் பதிந்ததும் எல்சி3-2. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் முதலாவது 16 கிலோடால்டன் அருகிலும் இரண்டாவது 14 அருகிலும் ஓடும். எல்சி3-2 தடித்தால் பைகள் அதிகம் என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயை அதிகம் திறந்ததாலும் ஏறும், வடிகால் அடைத்துக்கொண்டதாலும் ஏறும். பை லைசோசோமோடு இணைந்தால் அதன் உட்புறத்து எல்சி3-2வும் கரைந்துவிடும். கரைவது நின்றாலும் பட்டை தடிக்கும். வேக்-ஏ விஷயத்தில் முதல் சில மணி நேரம் குழாய் திறக்கிறது, பிறகு வடிகால் அடைகிறது, இரண்டுக்கும் பட்டை ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிரித்தறிய நான்கு மாதிரிகள் போதும்: தொற்று இல்லாதது, தொற்று உள்ளது, இரண்டிலும் கடைசி இரண்டு முதல் நான்கு மணி நேரம் பாஃபிலோமைசின் சேர்த்தது. பாஃபிலோமைசின் நாமே வடிகாலை அடைப்பது போல. அடைத்ததும் தொற்று மாதிரியில் எல்சி3-2 மேலும் ஏறினால், ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. அடைத்தும் ஏறவில்லை என்றால் ஏற்கெனவே அடைந்திருந்தது. கணக்கிடும்போது எல்சி3-2ஐ, எல்லா மாதிரியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் ஆக்டின் புரதத்தோடு ஒப்பிடுங்கள். எல்சி3-1 எளிதில் சிதையக்கூடியது, ஆன்டிபாடியும் அதை ஒரே மாதிரி பிடிக்காது, அதனால் அதை அளவுகோலாக்க வேண்டாம்.

பி62வும் ஏறியிருக்கிறது. அப்போ அடைப்பு உறுதிதானே?

பாதி உறுதி. குப்பையைப் பைக்குள் கொண்டுசேர்க்கும் பி62 தானும் உள்ளேயே கரையும். அது சேர்ந்தால் அடைப்பு என்பது பொது வழக்கம். ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் வந்தால் என்ஆர்எஃப்2 என்ற புரதம் வழியாகச் செல் பி62வைப் புதிதாகவும் தயாரிக்கும், பைலோரி தொற்றில் அந்த அழுத்தத்துக்குக் குறைவே இல்லை. பி62வின் எம்ஆர்என்ஏவையும் (புரதத்தைத் தயாரிக்கச் செல் எடுக்கும் மரபணு நகல்) அளந்து, அது ஏறாமல் புரதம் மட்டும் ஏறியிருந்தால் அடைப்பு என்று சொல்லுங்கள்.

நுண்ணோக்கியில் பெரிய பெரிய குமிழிகள் தெரிகின்றன. அவைதான் ஆட்டோஃபேகோசோமா?

அல்ல. அவை வேக்-ஏ உண்டாக்கும் வேக்குவோல்கள், நச்சுக்கே அதனால்தான் அந்தப் பெயர். எண்டோசோமிலிருந்து உப்பி வந்தவை, ஒற்றைச் சவ்வு, உள்ளே வெறுமையாகத் தெரியும். ஆட்டோஃபேகோசோம் அதைவிட மிகச் சிறியது, இரட்டைச் சவ்வு, உள்ளே செல்லின் பொருள் இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குழப்பமே வராது.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன அம்மோனியா இங்கேதான் வருகிறது. யூரியேஸ் உண்டாக்கும் அம்மோனியா இந்தக் குமிழிகளைப் பெரிதாக்கும், லைசோசோமின் அமிலத்தையும் தணிக்கும். நச்சு செய்த அடைப்பா, அம்மோனியா செய்த அடைப்பா என்று பார்க்க, யூரியேஸ் இல்லாத கிருமியையோ சுத்திகரித்த வேக்-ஏவையோ வைத்துச் செய்ய வேண்டும். இன்னொரு கண்ணி: பாஃபிலோமைசின் வேக்-ஏவின் குமிழிகளையே தடுக்கும். ஆகவே அதை முதலிலிருந்தே போட்டுவிடாமல், முந்தின பதிலில் சொன்னபடி கடைசி மணி நேரங்களில் மட்டும் போடுங்கள்.

ஒரு கட்டுரை கூடுகிறது என்கிறது, இன்னொன்று குறைகிறது என்கிறது. எதை நம்புவது?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்: 4 மணி நேரமா, 24 மணி நேரமா? பிறகு கிருமியின் ரகம். பிறகு செல். கேக்-ஏ, சி-மெட் என்ற ஏற்பி வழியாக ஏகேடி என்ற சமிக்ஞைப் புரதத்தையும் எம்டாரையும் தூண்டி ஆட்டோஃபேஜியை அடக்குகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. வேக்-ஏ எதிர்ப்பக்கம் இழுக்கிறது. எந்த நச்சு ஓங்கியிருக்கும் ரகம் என்பதைப் பொறுத்து முடிவு புரளும். இவற்றோடு ஓட்டத்தை அளக்காமல் வெறும் பட்டையை மட்டும் காட்டிய கட்டுரைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், மீதியுள்ளவற்றில் முரண் வெகுவாகக் குறைந்துவிடும்.

பைலோரி செல்லுக்கு வெளியே இருக்கும் என்றீர்கள். உள்ளேயும் போகும் என்று படித்தேனே?

இரண்டும் சரி. பெரும்பகுதி வெளியே, சிறு பகுதி உள்ளே போகிறது. ஜென்டாமைசின் செல்லுக்குள் எளிதில் புகாது, வெளியே உள்ள கிருமியைக் கொல்லும். அதைப் போட்ட பின் செல்லை உடைத்துத் தட்டில் பரப்பினால், வளர்வது உள்ளே இருந்தது. லைசோசோமில் டிஆர்பிஎம்எல்1 என்ற கால்சியம் வழி உண்டு. வேக்-ஏ அதை முடக்குவதால், செரிக்க முடியாத பைகளுக்குள் கிருமி பத்திரமாக ஒளிந்துகொள்கிறது என்று 2019இல் காட்டினார்கள். சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்குக் கிருமி திரும்ப வருவதற்கு இந்த ஒளிவிடமும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வழியைத் திறக்கும் வேதிப்பொருள் கொடுத்தபோது ஒளிந்திருந்த கிருமி அழிந்தது. ஆய்வகத்தில்தான், இன்னும் மருந்தாகவில்லை.

அப்படியானால் குளோரோகுயின் போட்டு ஆட்டோஃபேஜியை நிறுத்தினால் புற்றுநோய் குறையுமா?

தட்டில் சில செல்கள் சாகும். அதை வைத்து யாரும் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் பாருங்கள்: கிருமி இன்னும் இருக்கும் இரைப்பையில் நிறுத்தினால் காவலையும் சேர்த்து நிறுத்துகிறோம். கேக்-ஏ அழியாமல் தங்கும் செல்கள் எப்படிப்பட்டவை என்பதையும் மேலே சொன்னேன்.

எனக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. ஒரே ஒரு பரிசோதனை செய்ய முடியுமென்றால் எதைச் செய்வது?

எஸ்டிஆர் சரிபார்த்த ஏஜிஎஸ் செல். எஸ்1-எம்1 கிருமி, அதன் வேக்-ஏ நீக்கிய இணை. 2, 6, 12, 24 மணி நேரம். ஒவ்வொன்றிலும் பாஃபிலோமைசின் உள்ளதும் இல்லாததும். எல்சி3-2, பி62, பி62வின் எம்ஆர்என்ஏ. மூன்று முறை திரும்பச் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் தட்டிலிருந்து எடுத்த கிருமியோடு. உங்கள் கையில் இருக்கும் கிருமியைப் பொறுத்தவரை, குழாய் எந்த மணியில் திறந்து வடிகால் எந்த மணியில் அடைகிறது என்பது தெரிந்துவிடும். நேரம் மிச்சமிருந்தால் அதே அடைப்பு மணியை மனித இரைப்பை ஆர்கனாய்டில் (ஆய்வகத்தில் வளர்த்த சிறு இரைப்பைத் திசு) ஒரு முறை பாருங்கள். அங்கே செல் புற்றுநோயானது அல்ல, ஏஜிஎஸ் பற்றி அந்த மாணவி கேட்ட கேள்விக்குப் பாதி பதிலாவது அதில் கிடைக்கும்.